வெற்றுக் குழாய்

புவெர்த்தோ மோன்ட்டில் மழை நின்றதாக
யாரும் சொல்வதில்லை.
கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்பார்கள்.

திங்கட்கிழமை நெல்சன் ஒயார்சோ
பனிப்பெட்டியோடு மாடியேறி வந்தார்.
ஏழு கூண்டு, கூண்டுக்கு மூன்று சால்மன்,
மீனுக்கு ஒரு சிறுநீரகத் துண்டு.
முக்குளிக்கும் உடையின் ஈரம் படிக்கட்டெல்லாம்.
"நாலாம் கூண்டு மீன் இரைக்கு மேலே வரமாட்டேங்குது" என்றார்.
நான் அதை எந்தக் கட்டத்திலும் நிரப்பவில்லை.
படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை.
படிவத்தை எழுதியவன் நான்தான்.

முன்பு சீலோயே தீவுக்குப் போகும் படகுகளுக்குச்
சீட்டு விற்கும் மென்பொருள் எழுதினேன்.
லாரி, கார், கால்நடை,
எதையும் நீளத்தால் அளந்தால் போதும்.
இங்கேயும் அதுதான் என்று நினைத்து வந்தேன்:
துணுக்குகளை நீளவாரியாக அடுக்கு,
ஒன்றின் வாலை இன்னொன்றின் தலையோடு பொருத்து,
கரை சேர்.

ரோமினா கார்காமோ மீனைக் கரைத்து, சுழற்றி, வடித்து
கண்ணுக்குத் தெரியாத நூலைச்
சில்லில் ஊற்றுவாள்.
உள்ளங்கையளவு கருவி
நான்கே எழுத்துகளை இரவெல்லாம் ஓதும்.

செவ்வாய் விடியலில் அது வந்தது.
எந்தப் பட்டியலிலும் இல்லாத பாக்டீரியா.
நாற்பத்தொரு லட்சம் எழுத்து,
ஒரே வட்டம், நடுவில் ஒரு வெட்டும் இல்லாமல்.
ஏழு கூண்டிலும். இருபத்தொரு மீனிலும்.
எவரார்தோ என் நாற்காலியைச் சுற்றினார்,
நாற்காலியோடு என்னையும்.
பத்து மணிக்கு
சாந்தியாகோவில் பணம் போட்டவர்களுக்குச் சொல்லியாயிற்று.
பதினொன்றுக்கு அதற்கு மகளின் பெயரை வைக்கலாமா என்றார்.
மதியம் எல்லோருக்கும் எம்பனாதா, இறைச்சி வைத்தது.

எனக்குத் தொண்டையில் ஒரு முள்.
இருபத்தொரு மீனிலும் ஒரே அளவு.
நோய் அப்படிப் பங்கு வைக்காது.
பந்தியில் பரிமாறுகிறவன்கூடத் தெரிந்தவனுக்கு
ஒரு கரண்டி கூடப் போடுவான்.

இருபத்திரண்டாவது குழாய் ஒன்று உண்டு.
வடிநீரை மட்டும் ஊற்றி ரோமினா அதையும்
மற்றவற்றோடு வரிசையில் நிறுத்துவாள்.
ஒன்றும் இல்லை என்று சொல்வதற்காகவே இருக்கிற குழாய்.
என் நிரல் அதைத் திறப்பதில்லை.
காலியைப் படிப்பானேன், மின்சாரம் வீண் என்று
மார்ச்சில் ஒரு வரி எழுதியிருந்தேன்.

அந்த வரியை அழித்தேன்.

காலிக் குழாய் வாய் திறந்தது:
நாற்பத்தொரு லட்சம் எழுத்து,
ஒரே வட்டம்.

வடிநீர் இயந்திரத்தின் ரப்பர் குழலுக்குள்
வழவழவென்று ஒரு குடியிருப்பு,
இரண்டு வருடமாய், எங்கள் வாடகையில்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடலாம்.
அளக்கும் படிக்குள்ளேயே ஆறு இருந்தால்?

எவரார்தோ மழையில் நின்று தொலைபேசினார்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
அவர் தோள் மட்டும் கேட்டது.

இருபத்தொரு மீனிலிருந்தும் அதைக் கழித்தேன்.
கழிக்கக் கழிக்கத் திரை வெளுத்தது.
மீன், மீன், மீனே மீன்.
பிறகு நாலாம் கூண்டில்
முப்பத்தொரு துணுக்கு.
இந்தக் கடல் முழுக்கத் தெரிந்த பழைய நோய்.
பெயர் வைக்க ஒன்றும் இல்லை.

இரவு ஒன்பதரைக்கு நெல்சனை அழைத்தேன்.
படகு இயந்திரச் சத்தத்துக்கு மேல்
நான் விளக்கி முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.
"திங்கட்கிழமையே சொன்னேனே."
குரலில் கோபம் இல்லை. அதுதான் பிரச்சினை.
பிறகு யாரையோ பார்த்துக் கத்தினார்,
நாலைத் தனியே பிரி என்று.

படிவத்தில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது:
கொண்டுவந்தவர் என்ன சொன்னார்?
எவ்வளவு நீளமும் எழுதலாம்.

புதுக் குழல் சாந்தியாகோவிலிருந்து வர மூன்று வாரம்.
அதுவரை மருந்துக்கடைத் தண்ணீர், ஊசிக்கு விற்பது.
நேற்று அந்த வெற்றுக் குழாயைப் படித்தேன்.
இரண்டே துணுக்கு. மனிதருடையவை.
ரோமினா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
"நான்தான்" என்றாள்.
"வியாழக்கிழமை தும்மினேன்."
முகமூடியைக் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டாள்.